ஏழு பைண்டும் பதினான்கு வீடும்: கைமாறிப் படித்த ஒரு நாவல் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருச்சியில் மாதம் ஒருமுறை கூடும் ஒரு வாசகர் குழுவில் நடந்தது இது. மொத்தம் பதினான்கு வீடு. ஸ்ரீரங்கம், உறையூர், தில்லைநகர், கே.கே. நகர் என்று சிதறி இருக்கிறார்கள். ஒருவர் லால்குடியிலிருந்து ரயிலில் வருவார். பாதிப்பேர் ஓய்வு பெற்றவர்கள், மீதிப்பேர் வேலைக்குப் போகிறவர்கள். சந்தா, தலைவர், தீர்மானப் புத்தகம் எதுவும் கிடையாது. படித்து முடித்தவர் புத்தகத்தை அடுத்தவரிடம் கொடுப்பார். வாங்கியவர் பின்னட்டையின் உள்பக்கத்தில் தன் பெயரின் முதலெழுத்தையும் தேதியையும் பென்சிலில் எழுதுவார். இருந்த ஒரே விதி அதுதான். நானும் அந்தக் குழுவில் ஒருவன். இதில் வருகிறவர்கள் அனைவரிடமும் கேட்டுக்கொண்டு, பெயர் சொல்லாமல் எழுதுகிறேன்.

அந்த விதி பல வருடம் போதுமானதாகவே இருந்தது. சுற்றியவை பெரும்பாலும் கடையில் மறுபடி வாங்கக்கூடிய புத்தகங்கள். ஒன்று தொலைந்தால் தொலைத்தவர் புதிதாக ஒன்று வாங்கி வைப்பார், யாரும் பேசமாட்டார்கள்.

2022 செப்டம்பர் இறுதியில் ‘பொன்னியின் செல்வன்’ திரைப்படத்தின் முதல் பாகம் வந்தது. படம் பார்த்துவிட்டு வந்த இளையவர்கள் நாவலைப் படிக்க வேண்டும் என்றார்கள். முன்பே படித்த பெரியவர்களுக்கு மறுபடி படிக்கும் ஆசை வந்துவிட்டது. அந்த மாதக் கூட்டத்தில்தான் குழுவின் மூத்த உறுப்பினர், எல்லாரும் டீச்சர் என்று கூப்பிடும் ஓய்வு பெற்ற ஆசிரியை, தன் வீட்டு மரப்பீரோவில் இருப்பதைப் பற்றிச் சொன்னார்.

கல்கி வார இதழில் அந்தத் தொடர் 1950 அக்டோபர் இறுதியிலிருந்து 1954 மே வரை வந்தது. தொடங்கியபோது டீச்சர் கைக்குழந்தை. அவருடைய அம்மா வாராவாரம் தொடர் வந்த பக்கங்களை மட்டும் கிழித்து அடுக்கி வைத்து, முடிந்ததும் பைண்டு செய்யக் கொடுத்திருக்கிறார். மணியம் வரைந்த படங்களோடு நீலக் காலிகோத் துணி முதுகு போட்ட ஏழு பைண்டு. அந்தக் காலத்து வீடுகளில் இது சாதாரணம். ஒரு தொடரைப் பைண்டு செய்து வைப்பது நகை சேர்ப்பது மாதிரி ஒரு கௌரவம்.

இந்தப் பைண்டுகளில் இரண்டு விஷயம் வேறெங்கும் இல்லாதவை. முதலாவது, அம்மா ஓரங்களில் பென்சிலில் எழுதிய குறிப்புகள். இதழ் தாமதமாக வந்த வாரம், அந்த வாரம் அத்தியாயம் ரொம்பச் சின்னது என்ற கோபம், ஒரு பாத்திரத்தை நம்பக்கூடாது என்று தனக்குத்தானே செய்துகொண்ட எச்சரிக்கை. இரண்டாவது, ஓர் இதழ் கைக்கு வராமல் போனதால் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி, அந்த இதழில் வந்த இரண்டு அத்தியாயங்களைக் கோடு போட்ட நோட்டுத் தாளில் கையால் எழுதி, சரியான இடத்தில் சேர்த்திருந்தார். நான்காவது பைண்டில் இருந்தன அந்தத் தாள்கள். தைக்கவில்லை, ஓரத்தில் பசை தடவி ஒட்டியிருந்தார்கள்.

“எல்லாரும் படிக்கட்டுமே. பீரோல இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்?” என்றார் டீச்சர். 2023 பொங்கல் கழித்து முதல் பைண்டு கைமாறியது.

சுற்று போன விதம்

பட்டியல் எளிமையானது. பதினான்கு வீட்டுக்கும் ஒரு வரிசை, ஒரு பைண்டுக்கு இரண்டு வாரம். முதல் வீட்டார் முதல் பைண்டை முடித்து அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு, டீச்சரிடம் இரண்டாவதை வாங்கிக்கொள்வார். இப்படி ஏழும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நகரும்.

காகிதத்தில் அழகான ஏற்பாடு. நடைமுறையில் முதல் சிக்கல் பைண்டுக்காரரிடமிருந்து வந்தது. நாவல் ஐந்து பாகம். அவரோ பாகம் பார்க்காமல் கனம் பார்த்துத் தைத்திருந்தார். முதல் பாகமான ‘புது வெள்ளம்’ முதல் பைண்டில் முடியாது, இரண்டாவதில் பாதி வரை போகும். மூன்றாம் பாகத்தின் முடிவும் நான்காம் பாகத்தின் தொடக்கமும் நான்காவது பைண்டுக்குள் சேர்ந்து கிடந்தன. யாராவது இடையில் கடைப்பதிப்பில் ஒரு பாகம் படித்துவிட்டு வந்தால், எந்தப் பைண்டின் எந்த இடத்திலிருந்து தொடர்வது என்று கண்டுபிடிக்கவே ஒரு தொலைபேசி அழைப்பு தேவைப்பட்டது.

இரண்டாவது, எல்லாப் பாகமும் ஒரே அளவு இல்லை. முதல் பாகத்தில் 57 அத்தியாயம், மூன்றாவதிலும் நான்காவதிலும் தலா 46, கடைசிப் பாகமான ‘தியாகச் சிகரம்’ மட்டும் 91. மொத்தம் 293. கதை இறுகும் இடத்தில் ஒரே இரவில் பாதிப் பைண்டு போய்விடும், கிளைக்கதை வரும் இடத்தில் ஒரு வாரம் அப்படியே கிடக்கும். எல்லாவற்றுக்கும் இரண்டு வாரம் என்று வைத்தது யாருக்கும் பொருந்தவில்லை.

இருந்தும் முதல் மூன்று மாதம் குழு இதுவரை பார்க்காத உற்சாகத்தில் இருந்தது. கூட்டத்தில் கதையைவிட ஓரக்குறிப்புகளைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். கிழித்த பக்கத்தின் பின்புறம் தற்செயலாகத் தங்கிப்போன சோப்பு விளம்பரம், கூந்தல் தைல விளம்பரம், பாதியில் அறுபட்ட வேறொரு கதை எல்லாமே பேச்சுக்கு வந்தன. அந்தப் பாதிக்கதையின் முடிவை ஆளுக்கொன்றாக ஊகித்து ஒரு மாலை முழுக்கச் சிரித்ததைச் சொல்லாமல் விட மனமில்லை.

தேக்கம்

ஜூன் வாக்கில் மூன்றாவது பைண்டு நின்றுபோனது. பின்னட்டையின் உள்பக்கத்தில் கடைசியாக இருந்தது தில்லைநகரில் இருக்கும் ஒரு வங்கி ஊழியரின் எழுத்து. நான்கு மாதம் அது மாறவே இல்லை. அவர்தான் பிடித்து வைத்திருக்கிறார் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டோம். நேரில் கேட்கச் சங்கடம். டீச்சருக்கும் சொல்லவில்லை, அவர் வருத்தப்படுவார் என்று.

கடைசியில் லால்குடிக்காரர்தான் நேராகக் கேட்டார். வங்கி ஊழியரான அந்த அம்மா அதைப் பத்தே நாளில் படித்து முடித்திருந்தார். “நான் எப்பவோ முடிச்சிட்டேன் சார். அடுத்தவங்களுக்குப் போன் பண்ணினா, அப்புறம் வாங்கிக்கிறேன் மாமின்னே சொல்றாங்க. வீட்டு வாசல்ல கொண்டுபோய் வெச்சிட்டு வரவா முடியும்?”

அடுத்தவர் ஒரு கல்லூரி மாணவி. அவர் வாங்காததற்குக் காரணம் சோம்பல் இல்லை. இரண்டாவது பைண்டை முடித்தவருக்கு மூன்றாவது வரும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லை. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. மலிவுப் பதிப்பு எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்கும், கைபேசியில் காசில்லாமலே படிக்கலாம். அவர் கைபேசியில் ஐந்து பாகத்தையும் முடித்துவிட்டார். முடித்ததைக் குழுவில் சொன்னால் டீச்சருக்கு மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று வாயைத் திறக்கவில்லை. வரிசையில் பெயர் இருந்தது, ஆள் இல்லை.

விசாரித்தபோது இன்னும் மூன்று பேர் இதே நிலையில் இருந்தார்கள். தேங்கிய இடத்தைப் பார்த்து நாங்கள் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம். தேக்கத்தின் காரணம் அதற்கு அடுத்த வீட்டில் இருந்தது. இரவல் புத்தகம் யார் வீட்டில் கிடக்கிறதோ அவரைத்தான் நம் கண் பார்க்கும். ஆனால் கைமாற்றம் என்பது இரண்டு பேர் சேர்ந்து செய்கிற வேலை, தாமதம் இருவரில் எவரிடமும் இருக்கலாம். பின்னட்டைக் குறிப்பில் ‘படித்து முடித்த தேதி’க்கு இடம் இருந்திருந்தால் முதல் மாதத்திலேயே தெரிந்திருக்கும்.

குழுவில் நூலகத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் உண்டு. சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் எழுதிய நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவதை, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பதை, அவர் அன்று நினைவூட்டினார். பெரிய நூலகத்துக்கான விதி என்று நினைத்தது பதினான்கு வீட்டுக்கும் பொருந்தியது. கதையின் அவசரத்தில் இருப்பவரை வரிசையில் காக்க வைத்தால் அவர் வேறு வழியில் போய்விடுவார். போனது தப்பும் இல்லை.

நவம்பர் மழை

தேக்கத்தைச் சரிசெய்வது பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதே அதைவிடப் பெரிய விஷயம் நடந்து முடிந்திருந்தது. எங்களுக்குத்தான் தெரியவில்லை.

2023 நவம்பரில் நான்காவது பைண்டு உறையூரில் ஒரு இளைஞரிடம் இருந்தது. உதிரிபாகக் கடையில் வேலை பார்ப்பவர், வாசிப்புக்குப் புதியவர், குழுவிலேயே மிக ஆர்வமானவர். அடுத்தவரிடம் கொடுக்கப் போகும்போது நடுவழியில் மழை பிடித்துக்கொண்டது. வண்டியின் முன்னால் கொக்கியில் மாட்டியிருந்த துணிப்பைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. வீட்டுக்குத் திரும்பிப் பிரித்துப் பார்த்தால் கீழ் ஓரம் முழுக்க ஈரம், முதுகுத்துணி பாதி பெயர்ந்திருந்தது.

பதறிப்போனவர், தனக்குத் தெரிந்ததைச் செய்தார். இஸ்திரிப் பெட்டியால் லேசாகத் தேய்த்தார். மறுநாள் மொட்டைமாடியில் வெயிலில் விரித்து வைத்தார். பெயர்ந்த முதுகையும் விட்டுப்போன சில தாள்களையும் செல்லோடேப் போட்டு ஒட்டினார். ஒரு வாரம் கழித்து, எதுவும் சொல்லாமல் அடுத்தவரிடம் கொடுத்தார்.

வாங்கியவர் ஸ்ரீரங்கத்தில் இருக்கும் ஒரு மாமி. பார்த்த உடனே அவருக்குப் புரிந்தது. ஆனால் வாசலில் நிற்கும் பையனிடம் கேட்க மனம் வரவில்லை. பிறகு மார்கழி வந்துவிட்டது. பகல்பத்து, ராப்பத்து என்று ஸ்ரீரங்கமே கோயிலில் இருக்கும் நாட்களில் யாரும் புத்தகத்தைத் தொடமாட்டார்கள், அவர் வீட்டில் விருந்தாளிகள் வேறு. தை பிறந்த பிறகு அவரும் எதுவும் சொல்லாமல் அடுத்தவருக்குக் கொடுத்தார். அந்த அடுத்தவர் நூலகத் துறைக்காரர். அவர்தான் பைண்டை நேராக டீச்சர் வீட்டுக்கு எடுத்துப் போனார்.

டீச்சர் முதலில் பார்த்தது முதுகை இல்லை. கையெழுத்துத் தாள்கள் இருந்த இடத்தைத் திறந்தார். பசை ஈரத்தில் விட்டுப்போயிருந்தது. இரண்டாவது அத்தியாயத்தின் கடைசித் தாள் இல்லை.

பழைய வார இதழ்த் தாளின் குணத்தை இங்கே சொல்ல வேண்டும். அது மரத்தை அரைத்த கூழிலிருந்து செய்த மலிவுத் தாள். மரத்தில் இருக்கும் லிக்னின் என்ற பொருள் நீக்கப்படாமல் அப்படியே தங்கியிருக்கும். காற்றும் வெளிச்சமும் பட்டுப்பட்டு அது பழுப்பாகும், அமிலம் சுரக்கும், தாள் மடித்தால் ஒடியும் அளவுக்கு நொறுங்கும். நேர்வெயில் இதை விரைவுபடுத்துகிறது. இஸ்திரிச் சூடும் அப்படியே. பழைய பைண்டுகளில் பெரும்பாலும் தாள்களை மடித்துத் தைக்காமல் ஓரத்தில் துளை போட்டுக் குத்துத் தையல் போட்டிருப்பார்கள். அதனால் புத்தகம் முழுதாக விரியாது, விரிக்க அமுக்கினால் உள் ஓரம் கிழியும். நாங்கள் எல்லாரும் அமுக்கித்தான் படித்திருந்தோம்.

நனைந்த புத்தகத்தை வெயிலில் போடாமல், ஒற்றுத்தாளோ அச்சில்லாத வெள்ளைத் தாளோ இடையிடையே செருகி, ஈரமானதும் மாற்றி மாற்றி, மின்விசிறிக் காற்றில் உலர்த்த வேண்டும். இரண்டு நாளுக்கு மேல் ஈரமாக இருந்தால் பூஞ்சை பிடித்துவிடும், அதனால் தொடங்குவதில் தாமதம் கூடாது. இதை அந்த இளைஞருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. குழுவில் தெரிந்தவர் ஒருவர் இருந்தார், ஒரு போன் தூரத்தில்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

2024 ஜனவரிக் கூட்டத்தில் ஏழு பைண்டையும் திரும்பப் பெறுவது என்று முடிவானது. அதில் கருத்து வேறுபாடு இல்லை. அதற்கப்புறம் என்ன செய்வது என்பதில்தான் குழு இரண்டாகப் பிரிந்தது.

ஒரு தரப்பு, ஸ்கேன் செய்துவிட்டுப் பீரோவில் பூட்டுங்கள் என்றது. இனி யாருக்கும் தரவேண்டாம். கதை வேண்டுமென்றால் கடையில் கிடைக்கிறது.

இன்னொரு தரப்பில் டீச்சரே இருந்தார். “எங்கம்மா பூட்டி வைக்கவா இத்தனை வருஷம் சேர்த்தா? தெருவுல அத்தனை பேரும் வாங்கிட்டுப் போய்ப் படிச்சிருக்கா. எடுத்துட்டுப் போனவா எண்ணெய்க் கையோட தொட்ட கறைகூட இருக்கு அதுல.”

நூலகத் துறைக்காரர் ஒரு கேள்வி கேட்டார். நீங்கள் சுற்றுக்கு விட்டது நாவலையா, இந்த ஏழு பைண்டையா? விவாதம் அங்கேதான் திரும்பியது. நாவல் வேண்டியவர்களுக்கு எந்தப் பதிப்பும் போதும். பைண்டு வேண்டியவர்கள், அந்த ஓரக்குறிப்பையும் படங்களையும் பார்க்க வந்தவர்கள், கதையை முன்பே அறிந்தவர்கள். அவர்களுக்கு அவசரம் இல்லை. இரண்டு கூட்டத்தையும் ஒரே வரிசையில் நிறுத்தியதால்தான் அவசரக்காரர்கள் வெளியேறினார்கள், அவசரமில்லாதவர்களுக்குப் புத்தகம் சிதைந்து வந்தது. என் மதிப்பில் மொத்த நிகழ்விலும் இதுதான் முக்கியமான கேள்வி. முதல் நாளே கேட்டிருக்கக் கூடியது, ஆனால் ஏழு பைண்டும் பளபளவென்று மேஜையில் இருந்தபோது யாருக்கும் தோன்றாது.

இதன் பேரில் இரண்டு சுற்று என்று முடிவானது. கதைக்கு, குழுவே காசு போட்டுச் சாதாரணப் பதிப்பில் இரண்டு செட் வாங்கியது. அவை வீட்டுக்கு வீடு கட்டுப்பாடின்றி ஓடலாம், கிழிந்தால் கிழியட்டும்.

பைண்டுகளுக்கு வேறு ஏற்பாடு. ஒரே நேரத்தில் ஒரு பைண்டு மட்டும் டீச்சர் வீட்டை விட்டு வெளியே போகும். வாங்குபவர் வந்து வாங்க வேண்டும், அடுத்தவரிடம் கொடுக்காமல் டீச்சரிடமே திரும்பக் கொடுக்க வேண்டும். படித்த புத்தகத்தை முகம் தெரியாதவர்களுக்கும் கைமாற்றிவிடும், 2001-ல் அமெரிக்காவில் தொடங்கிய புக்கிராசிங் பழக்கத்தில் இதுபோன்ற சுற்றுகளுக்கு இரண்டு வகை உண்டு: சுற்றி முடித்து உரியவரிடம் திரும்பும் ‘ரிங்’, திரும்பாமல் போய்க்கொண்டே இருக்கும் ‘ரே’. நாங்கள் ரிங் என்று நினைத்துக்கொண்டு ரேயை நடத்தியிருக்கிறோம் என்று குழுவின் இளையவர் ஒருவர் சொன்னது சரிதான். ஒவ்வொரு கைக்கும் பிறகு டீச்சர் வீட்டுக்கு வந்துபோகும் ஏற்பாட்டில் வேகம் குறையும். ஆனால் சேதம் ஒரு கைக்குள் தெரிந்துவிடும், மூன்று கை தாண்டாது.

ஐப்பசி முதல் மார்கழி முடிய பைண்டு வெளியே போகாது. வடகிழக்குப் பருவமழை போகட்டும், ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு மார்கழியும் போகட்டும்.

கைமாறும்போது இருவரும் சேர்ந்து புரட்டிப் பார்த்து, ஒரு தனி நோட்டில் நிலையை எழுத வேண்டும். இந்த விதிக்குச் சிலர் தயங்கினார்கள். நம்மை நம்பவில்லையா என்று ஒருவர் கேட்டும்விட்டார். எழுதும் வழக்கம் இருந்தால் சேதத்தைச் சொல்வது சகஜமாகிவிடும், வழக்கம் இல்லாதபோதுதான் சொல்வது குற்றத்தை ஒப்புக்கொள்வது போல் ஆகிறது என்பதுதான் காரணம். ஸ்ரீரங்கத்து மாமிதான் இதை அழுத்திச் சொன்னார். “அன்னிக்கு அந்த நோட்டு இருந்திருந்தா, அவனும் எழுதியிருப்பான், நானும் எழுதியிருப்பேன். ரெண்டு பேரும் பயந்துண்டு நின்னோம்.”

பழுது பார்ப்பதில் ஒரு சிறிய திருப்பம். முதலில் போன இடம் பழக்கமான ஒரு பைண்டிங் கடை. அனுபவம் உள்ளவர். பழைய தையலைப் பிரித்து, மூன்று பக்கமும் கட்டிங் மெஷினில் சீவி, மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து ஒட்டிப் புதுசு மாதிரி ஆக்கித் தருவதாகச் சொன்னார். பள்ளிப் பதிவேட்டுக்கு அது நல்ல வேலைதான். இங்கே ஓரத்தைச் சீவினால் அம்மாவின் பென்சில் குறிப்புகளும் சேர்ந்து போய்விடும். துத்தம் பூச்சியைத் தடுக்கும், ஆனால் அதில் இருக்கும் செம்பு நாளடைவில் காகிதத்தைச் சிதைக்கும். ஓலைச்சுவடி, பழந்தாள் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரைக் கேட்டபோது அவர் சொன்னது: செல்லோடேப்பைப் பிய்க்கவே வேண்டாம், பிய்த்தால் அச்சும் கூடவே வரும். முதுகை மட்டும் துத்தம் கலக்காத கோதுமைக் கஞ்சிப் பசையால் ஒட்டுங்கள், டேப் இருக்கும் பக்கங்களைத் தனியாகக் குறித்து வையுங்கள், பிறகு கரைப்பான் வைத்து எடுக்கத் தெரிந்தவரிடம் காட்டலாம். அப்படியே செய்தோம். அழகாக இல்லை, ஆனால் எதுவும் கூடுதலாகப் போகவில்லை.

அந்துருண்டை போடலாமா என்று ஒருவர் கேட்டார். இராமபாணப் பூச்சி இருட்டையும் ஈரத்தையும் தேடி வருவது. பீரோவைச் சுவரிலிருந்து நகர்த்தி வைத்து, மாதம் ஒருமுறை திறந்து பார்த்தால் போதும் என்று விட்டுவிட்டோம்.

பிரதி எடுப்பதில் எல்லை வைத்தோம். கையெழுத்துத் தாள்களையும் ஓரக்குறிப்பு உள்ள பக்கங்களையும், புத்தகத்தை அமுக்காமல், ஜன்னல் வெளிச்சத்தில் கைபேசியில் படம் எடுத்து டீச்சர் குடும்பத்துக்கும் குழுவுக்கும் மட்டும் வைத்துக்கொண்டோம். முழுவதையும் எடுத்து எல்லாருக்கும் அனுப்பலாம் என்ற யோசனையை ஏற்கவில்லை. கல்கி 1954-ல் மறைந்தவர், அவருடைய எழுத்து பொதுச்சொத்து. ஓவியர் மணியம் 1968-ல் மறைந்தவர். இந்தியச் சட்டப்படி ஒருவர் மறைந்து அறுபது ஆண்டு வரை அவர் படைப்புக்கு உரிமை உண்டு. எழுத்துக்குச் சொல்வது படத்துக்குப் பொருந்தாது.

தொடர்ந்து நடந்தவை

சாதாரணப் பதிப்பின் இரண்டு செட்டும் 2024 ஆவணிக்குள் சுற்றி முடிந்தன. கல்லூரி மாணவி வரிசையிலிருந்து தன் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டு, கடைசிப் பாகத்தைத் தாளில் படிக்க மட்டும் ஒருமுறை வாங்கினார். ‘தியாகச் சிகர’த்துக்கு மட்டும் யாருக்கும் கெடு வைக்கவில்லை.

பைண்டுகளுக்குப் பெயர் கொடுத்தவர்கள் ஐந்து பேர்தான். பதினான்கு பேருக்கும் ஆசை இருக்கிறது என்று நாங்கள் நினைத்தது மிகை. பலர் முதல் சுற்றில் டீச்சரின் முகத்துக்காகத்தான் வரிசையில் நின்றிருக்கிறார்கள். ஐந்து பேரும் மெதுவாகப் படித்தார்கள், இரண்டு பேர் டீச்சர் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து படித்துவிட்டுப் போனார்கள். நோட்டில் சேதம் பற்றிய பதிவுகள் நிறைய வந்தன: ‘பக்கம் மடிந்து ஒடிந்தது’, ‘காப்பிச் சொட்டு, உடனே ஒற்றி எடுத்தேன்’. சேதம் கூடவில்லை. சொல்வது கூடியது.

தொலைந்த தாள் கிடைக்கவில்லை. உறையூர் இளைஞர் வீட்டிலும் ஸ்ரீரங்கத்திலும் தேடினார்கள். மொட்டைமாடியில் உலர்த்தியபோது காற்றில் போயிருக்கலாம். அந்த அத்தியாயம் எந்தப் பதிப்பிலும் இருக்கிறது, அதனால் கதைக்கு இழப்பு இல்லை. டீச்சர் அதைப் பற்றி ஒருமுறைதான் பேசினார்: அம்மாவின் கையெழுத்து வேறு எதிலும் அவ்வளவு நீளமாக இல்லை, மளிகைக் கணக்கில் இருப்பது எல்லாம் எண்கள்தான். விட்டுப்போன இடத்தில் அச்சுப்பக்க நகலை வைக்கலாமா என்று கேட்டோம். வேண்டாம் என்றார்.

இளைஞர் அந்த ஜனவரிக் கூட்டத்தில் எழுந்து நின்று நடந்ததை முழுதாகச் சொன்னார். யாரும் திட்டவில்லை. ஆனால் பதினைந்து பேர் முன்னால் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு இரண்டு கூட்டத்துக்கு வந்தார், அப்புறம் வரவில்லை. கேட்டால் கடையில் வேலை அதிகம் என்கிறார். டீச்சர் அவருக்குப் போன் செய்து பேசியிருக்கிறார், பேச்சு நன்றாகவே இருந்ததாம். சாதாரணப் பதிப்பில் அவர் ஐந்து பாகமும் முடித்துவிட்டார் என்பது அந்தப் போனில் தெரிந்தது.

மாற்ற வேண்டியவை

இதே போன்ற பழைய தொடர்ப் பைண்டை யாராவது சுற்றுக்கு விட நினைத்தால், முதல் கைக்குப் போகுமுன் செய்ய வேண்டியது கையெழுத்து இருக்கும் பக்கங்களைப் படம் எடுப்பது. அரை நாள் வேலை. உதிரித் தாள்களை உறையில் போட்டு எடுத்து வைத்துவிட்டு, அவற்றின் நகலைப் பைண்டுக்குள் வைக்கலாம். நான்காவது பைண்டை அப்படிக் கொடுத்திருந்தால் மழையில் போயிருப்பது முதுகுத்துணி மட்டும்தான்.

பைண்டின் முன்பக்கத்தில் எந்தப் பாகத்தின் எந்த அத்தியாயம் முதல் எது வரை என்று ஒரு துண்டுச் சீட்டு வேண்டும். சின்ன விஷயம், இது இல்லாமல் பட்ட பாடு கொஞ்சம் அல்ல.

வரிசையில் பெயர் கொடுப்பவரிடம் ‘கதை வேண்டுமா, இந்தப் பிரதி வேண்டுமா’ என்று தனியாகக் கேட்க வேண்டும். கூட்டத்தில் கேட்டால் உரியவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது எல்லாரும் பிரதிதான் வேண்டும் என்பார்கள். வரிசையிலிருந்து விலகுவது அவமரியாதை இல்லை என்பதையும் உரியவரே தன் வாயால் சொல்லிவிட வேண்டும். வேறு யார் சொன்னாலும் எடுபடாது.

சேதம் தெரிந்ததும் முதல் பேச்சு இரண்டு பேருக்குள், உரியவர் வீட்டுக் கூடத்தில் நடக்க வேண்டும், மாதக் கூட்டத்தில் அல்ல. புத்தகத்துக்கு ஆன சேதத்தைக் கோதுமைக் கஞ்சி ஓரளவு சரிசெய்தது. இதற்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை.

நனைந்தால் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது என்று நான்கு வரி எழுதி ஒவ்வொரு பைண்டோடும் போகும் துணிப்பையில் இப்போது வைத்திருக்கிறோம். அந்தத் துணிப்பைக்கு உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறையும் உண்டு. அதை வாங்கிக் கொடுத்தது ஸ்ரீரங்கத்து மாமி.

ஏழு பைண்டும் கடைசியில் எங்கே போவது என்பது தீரவில்லை. டீச்சரின் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிப்பு பழக்கமில்லை. பழைய இதழ்களைச் சேர்க்கும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓர் இடத்துக்குக் கொடுக்கலாம் என்பது நூலகத் துறைக்காரரின் யோசனை. கொடுத்தால் தெருக்காரர்கள் வந்து வாங்கிப் போக முடியாதே என்பது டீச்சரின் பதில். தை மாதத்துக்குப் பிறகு அடுத்த சுற்றுக்கு மூன்று பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அது முடிந்ததும் மறுபடி பேசலாம் என்று விட்டிருக்கிறார்.